தூய இன நாய்களிடையே காணப்படும் வேறுபாடுகள்

தோட்டத்தையும் களத்தையும் வீட்டையும் காப்பதற்கு நாய் வளர்க்கும் கமக்காரர் பலர். முன்னர் ஊர் நாய்களே இத்தொழிலுக்குப் போதுமானவையாயிருந்தன. இன்று தூய இனக் குட்டிகளை விலைகொடுத்து வாங்குவோரும், பெண் நாயொன்றை வைத்துக் குட்டிகளை விற்று ஊதியம் பெறுவோரும் உளர். இவர்கள் யாவருக்கும் என்றேனும் ஒருநாள் ஓர் ஐயம் எழுகின்றது. தாயும் தந்தையும் கறுப்பாயிருக்க, ஈற்றிலே ஒரு மஞ்சட் குட்டி காணப்படுகின்றது. ஒரே ஈற்றிற் பிறந்த இரு ஆண்களுள் ஒன்று உயர்ந்தும் மற்றது குறுகியும் வளர்கின்றது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என வாங்கியவர் எண்ணுகின்றார். அயல் வீட்டு நாய் வேலி தாண்டி வந்ததோ என வளர்த்தவர் எண்ணுகின்றார்.

இவ்வையத்துக்குச் சரியான விடை தெரியாமையால் இருவகை நட்டங்கள் நேர்கின்றன. குறையற்ற குட்டிகள் நிறத்தின் பொருட்டுக் கழிக்கப்படுகின்றன. கழிக்கப்பட வேண்டியவை தோற்றப் பொலிவின் பொருட்டு இனவிருத்திக்கு வைக்கப்படுகின்றன. எந்த வேறுபாடு எக்காரணத்தால் உண்டாகின்றது என்பதை அறிந்தால் இவ்விரு தவறுகளையும் தவிர்க்கலாம்.

தூய இனம் என்பது யாது?

ஒரு நாயின் பெற்றாரும் பாட்டன் பாட்டியரும் அவற்றின் முன்னோரும் ஒரே இனத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பின் அது தூய இன நாய் எனப்படும். ஆகவே, தூய்மை என்பது வமிசத்தைக் குறிக்குஞ் சொல்லேயன்றி, எல்லா நாய்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும் என்பதைக் குறிப்பதன்று.

ஒவ்வோர் இனத்துக்கும் தோற்ற விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இவையும் மனிதர் வகுத்தவையே. பலரும் அறிந்த லாப்ரடோர் இனத்தை எடுத்துக்கொள்வோமாயின், பிரித்தானிய விதிப்படி ஆண் நாயின் தோளுயரம் 22 முதல் 22½ அங்குலம் வரை இருத்தல் விரும்பத்தக்கது. அமெரிக்க விதியோ 22½ முதல் 24½ அங்குலம் வரை இடமளிக்கின்றது. ஒரு நாட்டில் அளவுக்கு மிஞ்சியதாகக் கருதப்படும் நாய் மற்றொரு நாட்டில் விதிக்கு இசைந்ததாகின்றது. மேலும், வேட்டையிற் பயன்படுத்துவதற்காக வளர்க்கப்படும் லாப்ரடோர்கள் மெலிந்து நீண்ட காலுடையவை; காட்சிக்காக வளர்க்கப்படுபவை பருத்து அகன்ற தலையுடையவை. இரண்டும் தூய இனமே. எதற்காகத் தெரிந்தெடுத்தார்களோ அதற்கேற்ப இரு கிளைகளும் பிரிந்து சென்றன.

நெல்லின் விதி நாய்க்குப் பொருந்தாமை

விதைநெல் விளைவிக்கும் கமக்காரர் வயலில் இறங்கி, மற்றவற்றிலும் உயர்ந்து நிற்கும் பயிரையும், முந்திக் கதிர் பறியும் பயிரையும், மணியின் நிறம் மாறிய பயிரையும் பிடுங்கி அகற்றுவர். இது முற்றிலுஞ் சரியான முறையாகும். ஆனால் இதே கண்கொண்டு நாய்க்குட்டிகளையும் பார்ப்பதே தவறுக்குக் காரணமாகின்றது.

நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுகின்றது. அயற் பயிரின் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவு. இலங்கையில் பெயர்பெற்ற எச்-4 என்னும் நெல்லினம் முருங்கக்காயன் 302, மாஸ் என்னும் இரண்டினைக் கலந்து பெறப்பட்டு 1958 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இத்தகைய கலப்பின் முதற் தலைமுறையில் ஒவ்வொரு பயிரும் பெற்றார் வேறுபடும் இயல்புகள் யாவற்றிலும் இருவகை அலகுகளைக் கலந்து கொண்டிருக்கும். பின்னர் தன் மகரந்தச்சேர்க்கை நிகழும் ஒவ்வொரு தலைமுறையிலும் இக்கலப்பு நிலை பாதியாகக் குறைகின்றது. இரண்டாந் தலைமுறையில் 2 இல் 1 பங்கு, மூன்றாவதில் 4 இல் 1 பங்கு, ஏழாவதில் 64 இல் 1 பங்கு எனக் குறைந்து, ஈற்றில் பயிர்கள் யாவும் ஒருதன்மையுடையனவாகின்றன. எனவே, அவ்வாறு நிலைபெற்ற இனத்தின் வயலில் மாறுபட்ட பயிர் நின்றால், அது பிற விதை கலந்ததாலோ, களை நெல் புகுந்ததாலோ, அரிதாக நிகழும் அயற் சேர்க்கையாலோ வந்திருத்தல் வேண்டும்.

நாய் அவ்வாறன்று. ஒவ்வொரு குட்டிக்கும் தாய் வேறு, தந்தை வேறு. ஆகவே, தூய இன நாயும் தன்னுள்ளே பலவகை இயல்புகளை மறைத்து வைத்திருக்கும். இவ்வகையில் நாயானது நெல்லிலும் பார்க்கப் பூசணிக்கே நெருங்கியது எனலாம். பூசணியின் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறானவை. தேனீக்கள் ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றொரு கொடிக்குக் கொண்டு செல்கின்றன. ஒரே காயிலிருந்து எடுத்த விதைகளை நட்டாலும், ஒரு கொடியின் காய் உருண்டும் இன்னொன்றின் காய் நீண்டும் இருப்பதைத் தோட்டக்காரர் கண்டிருப்பர்.

மறைந்து வரும் நிறம்

உயிர்களின் இயல்புகளைப் பெற்றாரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கொண்டு செல்பவை பரம்பரையலகுகளாகும். ஒவ்வோர் அலகும் இணையாக இருக்கும்; ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வரும். இணையில் ஒன்று இருந்தாலே தன் இயல்பைக் காட்டும் அலகு ஆட்சியுடையது எனப்படும். இரண்டும் ஒத்திருந்தால் மாத்திரம் தன் இயல்பைக் காட்டும் அலகு பின்னிடைவானது எனப்படும். பின்னிடைவான அலகு பல தலைமுறைகள் வெளித்தோன்றாது தொடர்ந்து செல்லக்கூடும்.

லாப்ரடோர் நாயின் நிறம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். இவ்வினத்தில் கறுப்பு, கபிலம், மஞ்சள் என மூன்று நிறங்கள் உண்டு. இவற்றை இரண்டு இணை அலகுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது இணை, கரிய நிறப்பொருள் கறுப்பாக அமைவதா கபிலமாக அமைவதா என்பதைத் தீர்மானிக்கும். இதில் கறுப்பு ஆட்சியுடையது. இரண்டாவது இணை, அந்நிறப்பொருள் உரோமத்திற் சேர்வதா சேராது விடுவதா என்பதைத் தீர்மானிக்கும், சேர்வது ஆட்சியுடையது. சேராது விடும் அலகு இருபுறத்திலிருந்தும் வந்த குட்டி மஞ்சளாகத் தோன்றும்.

கறுப்பான தாயும் கறுப்பான தந்தையும் கபில அலகு ஒன்றையும் மஞ்சள் அலகு ஒன்றையும் மறைவாகக் கொண்டிருப்பின், அவற்றின் குட்டிகள் 16 இல் 9 கறுப்பாகவும், 3 கபிலமாகவும், 4 மஞ்சளாகவும் பிறக்கக்கூடும். ஓர் ஈற்றின் 8 குட்டிகளில் இவ்விகிதம் அப்படியே அமையும் என எதிர்பார்த்தலாகாது. நாணயத்தைச் சுண்டும்போது தலையும் பூவும் மாறி மாறியே விழுவதில்லை. பல ஈற்றுக்களை ஒருங்கு சேர்த்துப் பார்க்கும்போதே விகிதம் தெளிவாகும்.

பிரித்தானிய கெனல் கழகம் 1903 ஆம் ஆண்டில் லாப்ரடோரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அக்காலத்து வளர்ப்போர் பலர் கறுப்பையே விரும்பி, பிற நிறக் குட்டிகளை விலக்கினர். எனினும் மஞ்சளும் கபிலமும் அற்றுப்போகவில்லை. கறுப்பு நாய்களின் உள்ளே அவ்வலகுகள் மறைந்திருந்தமையே இதற்குக் காரணம். இன்று அந்நிறங்கள் இனத்துக்குரியனவாக ஏற்கப்பட்டுள்ளன.

உரோமமும் பருமனும்

நிறத்தைப் போலவே உரோமத்தின் வகையும் சில அலகுகளால் அமைகின்றது. நீண்ட உடலும் குட்டைக் காலும் உடைய டாக்ஸ்ஹுண்ட் இனத்தில் மென்மையான குறு உரோமம், நீண்ட உரோமம், கம்பி போன்ற கரடுமுரடான உரோமம் என மூவகை உண்டு. பல இனங்களை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நாய்களில் காணப்படும் உரோம வகைகளுட் பெரும்பாலானவை மூன்று அலகுகளின் பல்வேறு சேர்க்கைகளால் உண்டாவன எனக் காட்டியது.

பருமன் அவ்வளவு எளிதானதன்று. அதிற் பல அலகுகள் பங்குகொள்கின்றன. போர்த்துக்கேய நீர் நாய் என்னும் இனத்தில் சிறியனவும் பெரியனவும் உள்ளன. இவ்வினத்தை ஆராய்ந்த அறிஞர்கள், வளர்ச்சியைத் தூண்டும் ஒரு சுரப்புப் பொருளுக்குரிய அலகின் வேறுபாடு பருமனைப் பெரிதும் பாதிக்கின்றது என 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓர் இனத்துள் இருந்த வேறுபாடே இவ்வுண்மையைக் காண வழிகாட்டியது என்பது கவனிக்கத்தக்கது. பருமன் பல அலகுகளைச் சார்ந்திருத்தலால், ஓர் ஈற்றில் உயர்ந்தனவும் நடுத்தரமானவையும் குறுகியனவும் படிப்படியாக அமையும். ஆண் நாய் பெண் நாயிலும் பெரிதாயிருப்பதும் இயல்பே.

உணவும் வளர்ப்பும்

ஒரே சாக்கு விதைநெல்லை வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் விதைத்தால் விளைவு ஒன்றாயிராது. நீரும் பசளையும் மண்ணும் பயிரை மாற்றும். ஆனால் விதையின் குணத்தை மாற்றா. நாய்க்கும் இது பொருந்தும்.

பிறந்த குட்டிகளுட் பலங்குறைந்தது பால் மிகுந்த முலையைப் பெறாது பின்தங்கும். வட்டப் புழுக்கள் தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிகளைத் தொற்றக்கூடியவை. இவை மிகுந்தால் குட்டியின் வயிறு ஊதி, உரோமம் ஒளி மங்கி, வளர்ச்சி குன்றும். இக்குறைகளைக் கண்டு இனத்திற் குறை உண்டு எனத் துணிதல் தவறு. புழுமருந்தும் போதிய உணவும் கொடுத்தபின், அக்குட்டி மற்றவற்றை எட்டிப்பிடிப்பதுண்டு.

உணவின் வன்மையைக் காட்டும் ஆய்வொன்று அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டது. ஒரே ஈற்றுக் குட்டிகள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றுக்கு மற்றதிலும் 25 சதவீதம் குறைவாக உணவு கொடுக்கப்பட்டது. குறைவாக உண்டவை மெலிந்த உடலுடன் வளர்ந்தன; அவற்றின் நடு வாழ்நாள் 13.0 ஆண்டுகள். மிகுதியாக உண்டவற்றின் நடு வாழ்நாள் 11.2 ஆண்டுகள். மூட்டு நோயும் மெலிந்தவற்றிற் குறைவாகவே காணப்பட்டது. இம்முடிவுகள் 2002 ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரே பெற்றாருக்குப் பிறந்தவை உணவினால் இவ்வளவு வேறுபடுமாயின், பருத்த நாயே உயர்ந்த இனத்தது என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

தற்செயலாக அமைவன

அலகும் உணவும் ஒத்திருந்தும் சில குறிகள் வேறுபடுவதுண்டு. டல்மேசியன் இனத்தின் குட்டிகள் வெண்மையாகப் பிறந்து, இரண்டு மூன்று வாரங்களிற் புள்ளிகளைப் பெறத் தொடங்குகின்றன. புள்ளிகள் உண்டாகும் என்பது பரம்பரையால் அமைந்தது. எப்புள்ளி எவ்விடத்தில் அமையும் என்பதிற் பெரும் பங்கு தற்செயலானது. ஆகவே, இரு டல்மேசியன்களின் புள்ளிகள் ஒத்திருப்பதில்லை.

கரு வளரும்போது நிறத்தைத் தரும் உயிரணுக்கள் முதுகுப் புறத்திலிருந்து உடலெங்கும் பரவுகின்றன. அவை கடைசியாகச் சென்றடையும் இடங்களான மார்பும் கால் விரல்களும் வால் நுனியும் சிலவேளைகளில் வெண்மையாக நின்றுவிடும். லாப்ரடோரின் மார்பில் சிறு வெண்புள்ளி இருத்தலை இன விதிகளும் அனுமதிக்கின்றன. அதனைக் கண்டு கலப்பினம் எனக் கூறுதல் ஆகாது.

ஒரே தன்மையை நாடுவதால் வருந் தீங்கு

வேறுபாடுகளை முற்றாக ஒழித்து எல்லா நாய்களையும் ஒன்றுபோல் ஆக்கிவிட வேண்டும் எனச் சிலர் எண்ணுகின்றனர். தந்தையை மகளுடனும், உடன்பிறந்தவற்றை ஒன்றுடனொன்றும் சேர்ப்பது இதற்குக் குறுக்கு வழியாகத் தோன்றும். நெல் பல தலைமுறை தன் மகரந்தத்தாற் கருக்கட்டியும் குன்றுவதில்லை. நாய் அதனைத் தாங்காது. மறைந்திருந்த தீய அலகுகள் இருபுறத்திலிருந்தும் வந்து கூடி, நோயும் மலட்டுத்தன்மையும் குட்டிச் சாவும் மிகும்.

இதற்கு டல்மேசியன் இனமே சான்றாகும். பிற இன நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றிச் சிறுநீருடன் கழித்துவிடும். டல்மேசியன் இனத்திலோ இதனைத் தடுக்கும் பின்னிடைவான அலகு இனம் முழுவதும் பரவி, குறையற்ற அலகு அற்றே போயிற்று. அதனால் சிறுநீர்ப்பையிற் கற்கள் உண்டாகி, சிறப்பாக ஆண் நாய்கள் துன்புறுகின்றன. இனத்துக்குள்ளே எவ்வளவு தேடித் தெரிந்தாலும் இல்லாத அலகைப் பெறுதல் இயலாது.

எனவே, 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரொபேட் ஷைபிள் என்னும் பரம்பரையியல் அறிஞர், பொயின்டர் இன நாயொன்றை டல்மேசியனுடன் சேர்த்தார். பிறந்தவற்றுட் குறையற்ற அலகு உடையவற்றைத் தெரிந்து, தலைமுறைதோறும் டல்மேசியனுடனேயே மீண்டும் சேர்த்துவந்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் பொயின்டரின் பங்கு பாதியாகக் குறைந்தது. நலந்தரும் அலகு மாத்திரம் காக்கப்பட்டது. நோயெதிர்ப்பை ஒரு நெல்லினத்திற் சேர்ப்பதற்கும் இம்முறையே கையாளப்படுகின்றது. இவ்வழியில் வந்த நாய்களைத் தூய இனமாக ஏற்க வளர்ப்போர் பலர் நெடுங்காலம் இசையவில்லை. அமெரிக்க கெனல் கழகம் 2011 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஒரு கலப்பு இனத்தைக் கெடுக்கவில்லை, காத்தது.

இன்னுமொரு செய்தியும் கருதத்தக்கது. சில டல்மேசியன் குட்டிகள் பிறக்கும்போதே பெரிய கரிய படையுடன் பிறக்கின்றன. இன விதிப்படி இது குற்றமாகும். ஆயினும் இவ்வினத்திற் பலவாகக் காணப்படும் பிறவிச் செவிடு, இப்படையுள்ள குட்டிகளில் குறைவாகவே உண்டு. விதிக்கு ஒவ்வாதது யாவும் தீயதன்று என்பதற்கு இது சான்று.

கலப்பை அறிதல்

உண்மையாகவே அயல் நாயின் கலப்பு நிகழ்வதும் உண்டு. அதனை அறியப் பின்வருவன உதவும்.

மஞ்சள் லாப்ரடோர்கள் இரண்டைச் சேர்த்தால் மஞ்சட் குட்டிகளே பிறக்கும். கபிலமான இரண்டைச் சேர்த்தால் கபிலமும் மஞ்சளும் பிறக்கலாம், கறுப்புப் பிறவாது. இவ்விரண்டிலும் கறுப்புக் குட்டி காணப்படின், வேறொரு தந்தை உண்டு என ஐயுறலாம். ஆனால் மஞ்சளும் கபிலமும் சேர்ந்து கறுப்புக் குட்டி பிறத்தல் கூடும். ஆட்சியுடைய அலகுகளுள் ஒன்றைத் தாயும் மற்றொன்றைத் தந்தையும் கொடுக்கக்கூடியனவாதலின் அதிற் குற்றமில்லை.

ஒரு குறியைக் கொண்டு மாத்திரம் தீர்ப்புக் கூறலாகாது. நிமிர்ந்த செவி, சுருண்ட வால், திட்டுத்திட்டான நிறம் ஆகிய பல குறிகள் லாப்ரடோர்க் குட்டியொன்றில் ஒருங்கு காணப்படுமாயின் கலப்பு எனக் கருதலாம். இக்காலத்தில் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துச் செய்யும் டி.என்.ஏ. சோதனையால் தந்தை யார் என்பதை உறுதிப்படுத்தலும் இயலும்.

ஓர் ஈற்றின் குட்டிகளுக்கு இரண்டு தந்தையர் இருத்தலுங் கூடும். பெண் நாயின் வேட்கைக் காலம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். விரும்பிய ஆணுடன் ஒருமுறை சேர்த்தபின் கட்டவிழ்த்துவிட்டால், பின்னர் வரும் நாயாலும் அது கருவுறலாம். எனவே இக்காலம் முடியும்வரை நல்ல அடைப்பினுள் வைத்தல் வேண்டும்.

ஊர் நாயுடன் ஒருமுறை கூடிய பெண் நாய் பின்னர் எக்காலத்திலும் தூய குட்டிகளை ஈனாது என்னும் நம்பிக்கை பல நாடுகளில் நிலவியது. ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் கொசார் எவார்ட் வரிக்குதிரையையும் குதிரைகளையும் கொண்டு சோதித்து, 1899 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். இந்நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் காணப்படவில்லை. ஒரு போகத்தில் கலந்துவிட்ட பயிரால் வயல் கெட்டுப்போவதில்லை. அடுத்த போகத்துக்குத் தூய விதை இட்டால் தூய பயிரே விளையும். பெண் நாயும் அத்தகையதே. அதனைக் கைவிடுதல் வீண் நட்டமாகும்.

இனவிருத்திக்குத் தெரிந்தெடுத்தல்

குட்டி வாங்குபவர் கூடியவரை தாயையும் தந்தையையும் நேரிற் காணுதல் வேண்டும். நிறத்திலும் சிறு வெண்குறியிலும் அரை அங்குல உயரத்திலும் மனத்தைச் செலுத்தாது, பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று. நடையில் நொண்டலோ பின்புற ஆட்டமோ உண்டா? மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகின்றனவா? ஆண் நாயின் விதைகள் இரண்டும் இறங்கியுள்ளனவா? பின்னால் நின்று கைதட்டும்போது குட்டி திரும்புகின்றதா? ஒரு செவி மாத்திரம் கேளாத குட்டியை இவ்வாறு கண்டறிய முடியாதாதலின், ஐயமுள்ளபோது மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். காரணமின்றி அஞ்சி ஒடுங்குவதும் கடிப்பதும் பரம்பரையாக வரக்கூடியனவாதலின், அத்தகைய நாய்களை இனவிருத்திக்கு வைத்தலாகாது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. தூய இனம் என்பது தூய வமிசம்; ஒரே தோற்றமன்று.

2. நெல்வயலில் மாறுபட்ட பயிரைப் பிடுங்குதல் சரி. நாயின் ஈற்றில் மாறுபட்ட குட்டியைக் கழிக்குமுன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

3. வேறுபாடு மறைந்த பரம்பரையலகாலோ, உணவாலும் புழுவாலுமோ, தற்செயலாலோ, அயல் கலப்பாலோ உண்டாகலாம். இறுதியிற் கூறியதே தூய்மையைக் கெடுப்பது.

4. நெருங்கிய உறவுள்ள நாய்களைச் சேர்த்தலாகாது.

5. நலமும் நற்குணமும் முதன்மையானவை. நிறமும் குறியும் அவற்றுக்குப் பிற்பட்டவை.

தோட்டத்தைக் காக்கும் நாய்க்கு வேண்டுவன கூரிய செவியும் உறுதியான காலும் நம்பத்தக்க குணமுமேயாகும். கறுப்புப் பெற்றாருக்குப் பிறந்த மஞ்சட் குட்டியும் இவை யாவற்றையும் குறைவின்றிப் பெற்றிருத்தல் கூடும்.